தீபாவளிக்கும் வண்டி எடுத்தவன்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நம் பிடோக் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அம்மா மூங்கில் கழியில் காயப்போடத் துணி கோத்துக்கொண்டிருந்தாள். உன் மகள் யாழினி கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் பெரிய பதவி தருகிறார்கள், சம்பளம் ஒன்றரை மடங்கு, ஆனால் மாதத்தில் இருபது நாள் ஜகார்த்தாவிலும் பேங்காக்கிலும் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்றாய். உன் மனைவி சுதா முடிவை உன்னிடமே விட்டுவிட்டாளாம். "நீங்க சொல்லுங்கப்பா. எடுக்கட்டுமா, வேணாமா?" என்று கேட்டாய். நான் உன்னைப் பார்த்தேன். பிறகு, "சாப்ட்டியாடா?" என்றேன். நீ லேசாகச் சிரித்து, "சாப்ட்டேன்பா" என்று சொல்லிவிட்டு யாழினியைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

லிஃப்ட் கதவு மூடுகிறவரை நான் வாசலில் நின்றேன். அம்மா பின்னாலிருந்து, "புள்ள ஒண்ணு கேட்டான், நீங்க ஒண்ணு சொல்றீங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அறுபத்தெட்டு வயதாகிவிட்டால் கேட்காமலே அறிவுரை சொல்ல வரும். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். கீழே கோப்பிக் கடையில் பக்கத்து மேசைக்காரன் மகனுக்குக்கூட எந்தப் பாலிடெக்னிக்கில் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீ மட்டும் முப்பத்தேழு வருடத்தில் ஒரே ஒரு தடவை உண்மையாக வந்து கேட்டாய், எனக்கு வார்த்தை வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய், வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளத்தை நீ படிக்க மாட்டாய். இதை வேறு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. என்னைப் போன்றவர்கள் எங்கள் பஸ் டெப்போவிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள்.

எங்கள் டெப்போவில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். சீனப் புத்தாண்டு இரண்டு நாளும் தமிழர்களான நாங்களும் மலாய்க்காரர்களும் வண்டி எடுப்போம், சீனர்கள் வீட்டில் இருப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்களை அனுப்பிவிட்டுச் சீனர்களும் நாங்களும் ஓட்டுவோம். தீபாவளி வந்தால் எங்களுக்காக அவர்கள் இருவரும் ஓட்டுவார்கள். இந்த ஊரில் பொது விடுமுறை நாளில் பேருந்து நின்றுபோகாமல் இருந்ததற்கு இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம் என்று நான் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் நான் அந்த வழக்கத்தைப் பாதிதான் கடைப்பிடித்தேன். மற்றவர்கள் பண்டிகைக்கெல்லாம் ஓட்டினேன், என் பண்டிகைக்கும் ஓட்டினேன். விடுமுறை நாளில் வேலை செய்தால் கூடுதல் நாள் சம்பளம் உண்டு. கையில காசு வாயில தோசை. ஆ செங் என்று எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான், உனக்கு நினைவிருக்கும், புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து தருவானே, அவன்தான். ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் வந்து, நீ வீட்டில் இரு, உன் வண்டியை நான் எடுக்கிறேன் என்பான். நான் வேண்டாம் என்பேன். ஒரு வருடம் அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏழு வருஷமா என் பண்டிகைக்கு நீ ஓட்டுற. உனக்கு ஒரு நாள் நான் ஓட்டக்கூடாதா? என்னைக் கடன்காரனாவே வச்சிருக்கப் பாக்குறியா?" என்று எங்களுக்குள் பேசும் பஜார் மலாயில் கத்தினான். நான் சிரித்து மழுப்பினேன்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா ஒரு யோசனை செய்தாள். அப்பா வீட்டுக்கு வரமாட்டார் என்றால் நாம் அப்பாவிடம் போவோம் என்று, காலையில் உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புது சிலுவார் மாட்டிவிட்டு, புதுச்சட்டைக் காலரில் மஞ்சள் தடவி, ஒரு டப்பாவில் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு, பேருந்துகள் புறப்படும் பிடோக் இன்டர்சேஞ்சில் என் வண்டியில் ஏறிவிட்டாள். நகரத்துக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். எனக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையில் நீங்கள் இருவரும். நம் ஆட்களின் கடைத்தெருவான தேக்காவை நெருங்க நெருங்க வண்டி முழுக்கப் புதுப்புடவை, மல்லிகை, ஜவ்வாது வாசம். ஏறியவர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்த்தால் அம்மா அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள், நீ டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாய். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். உன் கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து, "என் மகன் என் பஸ்ஸிலேயே தீபாவளி கொண்டாடியவன்" என்று சொன்னபோது மண்டபமே கைதட்டியது. நீயும் சிரித்துக்கொண்டுதான் நின்றாய்.

அடுத்து நான் சொல்லப்போவதை நீ மறந்திருந்தால் நல்லது. மூன்று வருடத்துக்கு முன் நீ என்னைத் தேக்காவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனாய். சாப்பிட்டதும், கொஞ்சம் நடக்கலாம்பா என்று ஜாலான் புசார் பக்கம் கூட்டிக்கொண்டு போனாய். ஒரு பழைய கடைவீட்டின் மாடியைக் காட்டினாய். உன் நண்பன் அங்கே, வேலை போன நடுவயதுக்காரர்களுக்கு ஏர்கான் பழுது பார்க்கக் கற்றுத்தரும் வகுப்பு நடத்துகிறான், உன்னை வந்து கற்பிக்கச் சொல்கிறான், சம்பளம் பாதிதான், ஆனால் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றாய். கம்ப்ரஸர் என்றும் காயில் என்றும் என்னவோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாய். சாலை கடக்கும் இடத்தில் பச்சை மனிதன் விளக்கு விழுந்து, மறுபடி சிவப்பாகி, இன்னொரு தடவை பச்சையும் விழுந்துவிட்டது. நீ கவனிக்கவே இல்லை, பேசிக்கொண்டே நின்றாய். முப்பத்தொரு வருடம் சாலை விளக்கைப் பார்த்தே பிழைத்தவன் நான், எனக்கு அது தெரியாமல் போகுமா? உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டே சொன்னேன், "நான் நாள் கிழமைன்னு பார்க்காம வண்டி ஓட்டினது, நீ ஏர்கான் ரிப்பேர் பண்றதுக்காடா?" என்று. கூடவே வீட்டுக் கடன், யாழினி அப்போது கைக்குழந்தை, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று வரிசையாக அடுக்கினேன். நீ எதிரே இருந்த இரும்புக்கடையைப் பார்த்தாய். அப்புறம், "சரிப்பா" என்றாய்.

நீ என்னை எதிர்த்திருக்க வேண்டும், கதிர். "உங்களுக்கு என்னப்பா தெரியும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் கோபப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், மூன்றாம் நாள் அடங்கியிருப்பேன். நீ சின்ன வயதிலிருந்தே சரிப்பா என்று சொல்லிப் பழகிவிட்டாய். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "பையன் வழிக்கு வந்துட்டான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் நெஞ்சை அடைக்கிறது என்று உன்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நானும் அம்மாவும் டாக்சி பிடித்து வந்தோம். இதயத்தில் ஒன்றுமில்லை, ஓய்வு வேண்டும், மனதுக்கு அழுத்தம் அதிகம் என்றார் டாக்டர். ஓய்வெடுக்கச் சொன்னவர் திரும்புவதற்குள் நீ லேப்டாப்பைத் திறந்துவிட்டாய், கையில் ஊசி குத்திய பட்டையோடு. ரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதியிடம் வழக்கம்போல அந்தத் தீபாவளிக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுப் போனாள். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய், "அன்னிக்கு எனக்கு ஒண்ணுக்கு வந்துச்சுப்பா. போற வழிலயே வந்துருச்சு. அம்மா தூங்கிட்டாங்க. வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு உங்க தலைக்கு மேல ஒட்டியிருந்துச்சு. புது சிலுவார்லயே போயிட்டேன். அதான் டப்பாவ மடியில வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." நான், "ஏண்டா சொல்லல?" என்றேன். "இப்ப சொல்றேன்ல, விடுங்க லா" என்றாய், தட்டிக்கொண்டே.

முப்பது வருடமாக நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கதை அதுதான். மேடையில் கைதட்டு வாங்கிய கதை. எனக்கு அன்று அழுகை வந்தது, ஆனால் அந்த வார்டில் இன்னும் ஐந்து பேர் படுத்திருந்தார்கள், அழ முடியவில்லை. கீழே இறங்கி அம்மாவுக்கு மைலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதுவரைக்கும் எழுதியது எந்த அப்பனும் சொல்லக்கூடியதுதான். குடும்பத்துக்காக உழைத்தேன், பிள்ளையைக் கவனிக்கவில்லை, மன்னித்துவிடு என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. அதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. உனக்குப் பன்னிரண்டு வயதான வருடம் ஆ செங் என்னைக் கேட்காமலே மேலதிகாரியிடம் போய் என் தீபாவளி வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். வேறு வழியில்லாமல் நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. குளித்தோம், கும்பிட்டோம், இட்லியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டோம். மணி ஒன்பதரை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கதிர். நீ பள்ளியில் செய்த ஏதோ ஒரு மின்விளக்குப் பலகையைக் கொண்டுவந்து காட்டினாய். நல்லாயிருக்கு என்றேன். நீ இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தாய். பத்து மணிக்கு, பேப்பர் வாங்கி வருகிறேன் என்று இறங்கி, நேரே இன்டர்சேஞ்சுக்குப் போய் உட்கார்ந்து, வண்டிகள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும். நீ என்னைத் தேடிக்கொண்டு அங்கே வந்து, தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கூப்பிடாமல் திரும்பிப் போனதை அம்மா பின்னால் சொன்னாள்.

அடுத்த வருடம் ஆ செங் வாய் திறப்பதற்கு முன்பே நான் தீபாவளி வண்டிக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பணத்துக்காக என்றுதான் வீட்டில் சொன்னேன். ஆரம்பத்தில் பணத்துக்காகத்தான், அதில் பொய்யில்லை. இந்த வீட்டுக்குத் தவணை கட்ட அது வேண்டியிருந்தது. ஆனால் தவணை முடிந்த பிறகும் ஓட்டினேன். வண்டியில் எனக்கு எல்லாம் தெரியும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், யாருக்குக் கதவு திறக்க வேண்டும் என்று கை தானாகச் செய்யும். வீட்டில் நான் விருந்தாளி. விருந்தாளிக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாது. உழைப்பாளி என்று பெயர் வாங்கிக்கொண்டு ஓடி ஒளிந்தவன் நான். அப்படி ஒளிந்துகொள்ள வேலையைவிட நல்ல இடம் கிடையாது, ஏனென்றால் அங்கே வந்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள், மாலை போடுவார்கள்.

இப்போது ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. பணத்துக்குக் குறைவில்லை, நேரத்துக்கும் குறைவில்லை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. அம்மாவைப் பார்க்கிறாயே. காலையில் பிளாக்குக்குக் கீழே சீன ஆன்ட்டிகளோடு கையைக் காலை ஆட்டுகிறாள். வெள்ளிக்கிழமை காத்தோங் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறாள். அவளுக்கு வருகிற போனில் பாதிக்கு யார் பேசுகிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இல்லாத முப்பத்தொரு வருடத்தில் அவள் தனக்கென்று ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டாள், அதில் எனக்கு நாற்காலி போட மறந்துவிட்டாள். தப்பு அவள் மேல் இல்லை. ஒரு நாள் நானும் கோயிலுக்கு வருகிறேன் என்றேன். "வாங்க, ஆனா என் பின்னாடியே நிக்காதீங்க" என்றாள். போனேன். ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்துவிட்டு வந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

ஆக, உன் கேள்விக்கு வருகிறேன். புதன்கிழமையிலிருந்து எழுதுகிறேன், இன்று வியாழன், இன்னும் பதில் வரவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் பணமெல்லாம் ஒரு பொருட்டா என்று பேசுகிறவன் வயிறு நிறைந்தவனாகத்தான் இருப்பான். வீட்டுக் கடன் உன் பெயரில் இருக்கிறது, என் பெயரில் இல்லை. சுதாவின் அம்மாவுக்கு மருத்துவச் செலவு இருக்கிறது. போ என்று சொன்னால், ஜாலான் புசாரில் சொன்னதையே மறுபடி சொன்னவன் ஆவேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்கிறவன் அடுத்தவனுக்கு வழி காட்ட முடியுமா? ஒன்று மட்டும் உன்னிடம் கேட்க நினைத்தேன். நீ பணத்துக்காகப் போகிறாயா, அல்லது அந்த இருபது நாள் உனக்குச் சுலபமாக இருக்கும் என்று போகிறாயா? முதலாவது என்றால் என்றைக்காவது ஒரு நாள், போதும் என்று சொல்லித் திரும்பிவிடலாம். இரண்டாவது என்றால் திரும்பி வரவே மாட்டாய், நான் வரவில்லை. இதை நாளைக்கு உன்னை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன்.

இந்த இடம் வரைக்கும் எழுதி, பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். போனில் உன் செய்தி வந்திருந்தது. "பா, ஓகே சொல்லிட்டேன். அடுத்த மாசம் ஸ்டார்ட்." அவ்வளவுதான். ஒரு நாள் முன்னதாகவே பதில் சொல்லிவிட்டாய். என்னென்னவோ தட்டினேன், எல்லாவற்றையும் அழித்தேன். கடைசியில் அந்தக் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். அதையும் உடனே பார்த்துவிட்டாய், இரண்டு நீலக்கோடு வந்துவிட்டது. அம்மா கேட்டாள், "என்ன சொன்னான்?" "சரின்னு சொல்லிட்டானாம்." "நீங்க என்ன சொன்னீங்க?" நான் போனைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் சுதா போன் செய்தாள். நீ இல்லாத நாட்களில் யாழினியைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவர ஆள் வேண்டும், அத்தைக்கு, உன் அம்மாவுக்குத்தான், செவ்வாயும் வியாழனும் முடியாதாம், மாமா வர முடியுமா என்று கேட்டாள். முடியும் என்றேன். எனக்குத்தான் தலைக்கு மேல் நேரம் இருக்கிறதே. இப்போது வெள்ளிக்கிழமை, அதற்குள் வழியெல்லாம் விசாரித்து வைத்துவிட்டேன். எங்கே கடக்க வேண்டும், எந்த விளக்கு சீக்கிரம் மாறும், மழை வந்தால் எந்த நடைபாதைக்குக் கூரை உண்டு என்று ஒரு தடவை நடந்தும் பார்த்துவிட்டேன். பள்ளி வாசலிலிருந்து உன் வீட்டு லிஃப்ட் வரைக்கும், அவள் காலுக்கு இருபது நிமிடம் ஆகும்.

அந்த இருபது நிமிடமும் அவளிடம் என்ன பேசுவது, கதிர்? உனக்குத் தெரிந்தால் எழுதி அனுப்பு. உனக்கும் தெரியாது என்றால், அதையும் எழுது.

அப்பா